அரச காணியை மாற்றிக் கொடுப்பதற்குச் சுற்றாடல் ஆய்வு தேவையில்லையா?

கேள்வி: "மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஊர் மாடுகள் மேய்கிற 10 ஏக்கர் தரவை இருக்கிறது. அது அரச காணி. ஒரு தனியார் நிறுவனம் உல்லாச விடுதி கட்ட அதைக் கேட்கிறது. பதிலுக்கு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் காட்டோரமாகத் தங்களுக்கு உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள 25 ஏக்கரை அரசுக்கு எழுதித் தருவார்களாம். 'இது வெறும் காணி மாற்றம், கருத்திட்டம் அல்ல, ஆகவே சுற்றாடல் ஆய்வு தேவையில்லை' என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அது சரியா? எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் என்ன செய்யலாம்?"

அலுவலகத்தில் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் விளக்கிவிடுகிறேன்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988 இல் திருத்தியபோதுதான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு அந்தச் சட்டத்துக்குள் வந்தது. எந்தெந்த வேலைக்கு அது கட்டாயம் என்ற பட்டியல் 1993 ஜூன் 24 ஆம் திகதிய 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானியிலும் பின்பு வந்த திருத்தங்களிலும் இருக்கிறது. 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவது, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவது, 99 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல் கட்டுவது, 100 குடும்பத்துக்கு மேல் கட்டாயமாக எழுப்பி வேறிடத்தில் குடியேற்றுவது என்று அதில் உள்ளவை நிலத்தில் நடக்கிற வேலைகள். காணி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது உண்மை.

ஆனால் உங்கள் விடயத்தில் காணி சும்மா கைமாறவில்லை. விடுதி கட்டப் போகிறோம் என்று சொல்லித்தான் கேட்கிறார்கள். அப்படியானால் காணி மாற்றம் அந்த விடுதித் திட்டத்தின் முதல் அடி. முதல் அடியை வைத்த பிறகு ஆய்வு செய்வோம் என்றால் ஆய்வில் மிச்சம் என்ன இருக்கும்? மதிப்பீட்டு அறிக்கையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சுற்றாடலுக்கு இதைவிடக் குறைந்த தீங்கு செய்யும் மாற்று வழிகள் எவை, அவற்றை ஏன் கைவிட்டார்கள், திரும்பப் பெறமுடியாதபடி இழக்கப்போகும் வளங்கள் எவை என்பதெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். காணி ஏற்கெனவே நிறுவனத்தின் பெயருக்குப் போய்விட்டால் 'வேறு இடம்' என்ற மாற்று வழி அங்கேயே அடைபட்டுப் போகும். பிறகு பேசப்படுவது கட்டடம் இரண்டு மாடியா மூன்று மாடியா, கழிவுநீர்க் குழி எந்த மூலையில் என்பதுதான். உங்கள் ஊருக்கு வேண்டிய கேள்வி 'இந்தத் தரவையில் இது வரலாமா' என்பது. அதைக் கேட்கக்கூடிய காலம் காணி மாற்றக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கும் இப்போதுதான்.

அடுத்து, 10 ஏக்கர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்துக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 4 ஹெக்டேயர் என்பது 9.88 ஏக்கர். சரியாக 10 ஏக்கர் என்றால் 4.05 ஹெக்டேயர் வரும். அதாவது ஈரநிலம் நிரப்புவது பற்றிய எல்லையை உங்கள் தரவை ஒரு முடி அளவில் தாண்டி நிற்கிறது. நில அளவையாளரின் வரைபடத்தில் 3.9 என்று வந்தால் அதே காணி எல்லைக்குள் அடங்கிவிடும். ஆகவே வரைபடத்தின் பிரதியை எடுங்கள். பரப்பு என்ன, எந்த எல்லைக்கல்லிலிருந்து எந்தக் கல் வரை அளந்திருக்கிறார்கள், தண்ணீர் ஓரத்தில் கோடு எங்கே விழுகிறது, காணியைத் துண்டு 1, துண்டு 2 என்று பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே திட்டத்துக்கான காணியை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் எல்லைக்குக் கீழே காட்டுவதும், 100 அறை விடுதியை 'முதற்கட்டம் 60 அறை' என்று ஆரம்பிப்பதும் தெரிந்த வழிகள்தான். துண்டுகளைக் கூட்டி மொத்தத் திட்டமாகப் பார்க்கும்படி எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அளவைப் பொருட்படுத்தாத இடங்களும் உண்டு. அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதியில் உணர்திறன் மிக்க இடங்கள் வரிசையாக இருக்கின்றன. வனஒதுக்கின் அல்லது வனசீவராசிகள் சரணாலயத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள், 25 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றின் கரையிலிருந்து 60 மீட்டருக்குள் என்று அது போகிறது. இவற்றுக்குள் வந்தால் சிறிய வேலையும் பட்டியலுக்குள் வரும். கரையோர வலயத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி அந்த வலயம் கடலிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர். வாவியோ ஆறோ கடலோடு சேரும் இடத்தில் உள்ளே 2 கிலோமீட்டர் வரை. 2011 திருத்தத்துக்குப் பின் அந்த நீர்ப்பரப்பின் ஓரமாக 100 மீட்டர் தரையும் சேர்ந்துவிட்டது. எங்கள் வாவிக்குப் பாலமீன்மடுப் பக்கம் ஒரு வாய், கல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. உங்கள் தரவை இந்த இரண்டு வாய்களில் எதற்காவது கிட்ட இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அங்கே ஒரு கல்லும் வைக்கமுடியாது. வாவியின் நடுப்பகுதியில் என்றால் அந்தச் சட்டம் எட்டாது. மற்ற வழிகளைப் பிடிக்கவேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காணி மாற்றத்தில் ஆய்வு செய்யவேண்டியவை கொடுக்கிற காணி, வாங்குகிற காணி என்று இரண்டு. வழக்கத்தில் இரண்டையும் முழுதாகப் பார்ப்பதில்லை. கொடுக்கிற காணிக்கு விலைமதிப்புத் திணைக்களத்தின் மதிப்பீடு வரும். வாங்குகிற காணிக்கு உறுதியும் வரைபடமும் வரும். இரண்டு விலையும் கிட்டத்தட்ட ஒத்துவந்தால், அல்லது அரசுக்குக் கிடைப்பது கூடுதலாக இருந்தால், 'அரசுக்கு இலாபம்' என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். 10 ஏக்கரைக் கொடுத்து 25 ஏக்கர் வாங்குவது காகிதத்தில் நல்ல வியாபாரமாகத்தான் தெரியும்.

உங்கள் தரவையை ஆவணி மாதத்தில் ஒரு உத்தியோகத்தர் பார்க்க வந்தால் அவருக்கு என்ன தெரியும்? வெடித்த உப்புத்தரை, கருகிய புல், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பற்றை, மாட்டுச் சாணம். 'பயன்படுத்தப்படாத வெற்றுக் காணி' என்று அறிக்கையில் எழுத அவருக்கு அரை மணித்தியாலம் போதும். அதே ஆளை மார்கழியில் கூட்டிவந்து நிறுத்துங்கள். வடகீழ்ப் பருவமழை விழுந்து, படுவான்கரைக் குளங்கள் வான் பாய்ந்து, ஆற்றுவாய் இன்னும் வெட்டாத நாட்களில் அந்த 10 ஏக்கரில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அது வாவியின் தண்ணீர். அங்கே நிற்கிறபடியால்தான் அது உங்கள் வளவுக்குள் வரவில்லை. கண்டல் வேர்களுக்கிடையில் இறால் குஞ்சு நிற்கும், அத்தாங்கு என்ற கைவலை போடுகிறவர்கள் வருவார்கள். மேட்டு ஓரத்தில் பன் இருந்தால் பாய் இழைக்கிற பெண்கள் பறித்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் வற்றியதும் புல் முளைத்து மாடு இறங்கும். 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளங்களைக் கண்ட யாருக்கும் தரவையின் வேலை என்ன என்று விளக்கவேண்டியதில்லை. அந்த இடத்தை மண் போட்டு உயர்த்தினால் அங்கே நின்ற தண்ணீர் பக்கத்து வளவுகளைத் தேடிப் போகும். விலைமதிப்பு அறிக்கையில் இதற்கு ஒரு ரூபாயும் இல்லை. சந்தை விலை என்பது வீதி முகப்பும் நீர்முகப்பும் பார்த்துப் போடுகிற விலை.

காகிதத்தில் ஏறாத பாவனை எவ்வளவு சுலபமாக இல்லாமல் போகும் என்பதற்கு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை கண்முன்னால் இருக்கிறது. மாரியில் வயல்களில் வேளாண்மை நிற்கும் காலத்தில் மாடுகளை அங்கே கொண்டுபோய், அறுவடை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருவது பண்ணையாளர்களின் நீண்டகால வழக்கம். அந்த நிலம் மகாவலி அதிகார சபையின் எல்லைக்குள் வருகிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர்ச்செய்கை தொடங்கியபோது பண்ணையாளர்களின் கையில் காட்ட வலுவான காகிதம் இருக்கவில்லை. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் கொட்டில் போட்டுப் போராட இறங்கினார்கள். அம்பாறைப் பக்கம் வட்டமடுவிலும் மேய்ச்சல்காரர், வேளாண்மைக்காரர், வன இலாகா என்று மூன்று தரப்பு ஒரே நிலத்தில் நிற்கின்றன. இந்த இரண்டு இடத்திலும் யார் பக்கம் நியாயம் என்பதை இந்தப் பதிலுக்குள் அலசவில்லை. யார், எந்தக் காலத்தில், எதற்காகப் பாவிக்கிறார்கள் என்று ஆதியிலேயே பதிவாகியிருந்தால் பிணக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்கப்போகும் 25 ஏக்கரைப் பற்றியும் கேளுங்கள். முதலாவது, அது உண்மையில் அந்த நிறுவனத்தின் காணிதானா? காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவைப் பார்க்கவேண்டும். படுவான்கரையில் யுத்த காலத்தில் ஊரோடு எழும்பிப் போனவர்களின் காணிகள் பல கைமாறிக் கிடக்கின்றன. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடம்பெயர்ந்து தங்கள் காணிக்குப் போகமுடியாமல் இருந்தவர்களுக்கு எதிராக நீண்டகாலம் வைத்திருந்ததைக் காட்டி ஆட்சியுரிமை கோரமுடியாதபடி 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. நிறுவனத்தின் உறுதிக்கு அடியில் அப்படி ஒரு குடும்பத்தின் காணி இருக்கிறதா என்று அந்த ஊரில் விசாரியுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியாக இருந்து, பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதமில்லாமல் கைமாறியிருந்தால் அந்தக் கைமாற்றமே செல்லாது.

இரண்டாவது, யானை. வெல்லாவெளி, போரதீவுப்பற்றுப் பக்கம் காட்டோரம் என்றால் யானை எந்த வழியால் இறங்குகிறது என்று அங்குள்ள கமக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த 25 ஏக்கரை அரசு பிறகு குடியேற்றத்துக்குக் கொடுத்தால் யாருடைய பிள்ளைகள் அங்கே போய் இருக்கப்போகிறார்கள்?

மூன்றாவது, அந்தக் காணி எந்தத் திணைக்களத்துக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் போகிறது? வன இலாகாவுக்குப் போனால் காடு கூடும், நல்லது. ஆனால் உங்கள் மாடு வாவியைக் கடந்துபோய் அங்கே மேயாது, மேயவும் விடமாட்டார்கள். அரசுக்கு 25 ஏக்கர் கூடினாலும் உங்கள் ஊருக்கு மேய்ச்சல் தரை பூச்சியம். கொடுப்பது ஒரு ஊரின் காணி, வாங்குவது அரசாங்கத்தின் காணி என்ற இந்த வித்தியாசத்தைக் கடிதத்தின் முதற் பந்தியிலேயே எழுதுங்கள்.

மற்ற நாடுகளில் எப்படி என்று கேட்டால், அமெரிக்காவில் காணி மாற்றத்துக்கென்றே விதிகள் உண்டு. 1976 ஆம் ஆண்டின் கூட்டரசு காணிச் சட்டம் இரண்டு காணியும் பெறுமதியில் சமமாக இருக்கவேண்டும் என்கிறது. வித்தியாசத்தைப் பணத்தால் ஈடுசெய்யலாம், ஆனால் அரச காணியின் பெறுமதியில் 25 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கும் மேலாக, மாற்றம் பொதுநலனுக்கு உகந்தது என்று காரணத்தோடு தீர்மானிக்கவேண்டும். கைமாற்றத்துக்கு முன்பே சுற்றாடல் ஆய்வும் நடக்கும். அங்கேயும் ஓட்டை உண்டு. அரிசோனா மாநிலத்தில் அப்பாச்சி மக்கள் புனிதமாகக் கொள்ளும் ஓக் ஃபிளாட் என்ற நிலத்தைச் செப்புச் சுரங்கத்துக்காக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டை 2014 டிசெம்பரில் பாதுகாப்புச் செலவினச் சட்டத்துக்குள் செருகி நிறைவேற்றினார்கள். ஏறத்தாழ 2,400 ஏக்கருக்குப் பதிலாக வேறிடங்களில் 5,300 ஏக்கர் அளவில். இறுதி ஆய்வறிக்கை வெளியாகி 60 நாளுக்குள் காணியைக் கொடுத்துவிடவேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டது. அறிக்கை என்ன சொன்னாலும் கொடுத்தே ஆகவேண்டும். முடிவை முன்னால் வைத்து ஆய்வைப் பின்னால் வைத்தால் ஆய்வு வெறும் சடங்காகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இங்கே நாங்களும் ஒருமுறை பெரிய அளவில் காணி மாற்றியிருக்கிறோம், அந்தப் பெயரில் அல்லாமல். 2004 கடல்கோளுக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். கரையில் இருந்தவர்களுக்கு உள்ளே மாற்றுக்காணி. நாவலடி மக்கள் திராய்மடுவுக்குப் போனார்கள். அவசரகாலக் குடியேற்றம் என்பதால் மதிப்பீட்டு விதி அதைக் கட்டுப்படுத்தவில்லை; அந்த அவசரத்தைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் மீன்பிடிக்கிற மனிதனுக்கும் கடலுக்கும் இடையிலான தூரமும், பள்ளக்காணியில் மழைத்தண்ணீர் போகும் வழியும் அன்று கணக்கில் வராததன் விளைவைக் குடும்பங்கள் வருடக்கணக்காகச் சுமந்தன. உங்கள் விடயத்தில் கடல்கோள் இல்லை. அவசரம் நிறுவனத்துக்கு மட்டுமே.

நீதிமன்றங்கள் இதில் சொன்னவை உங்களுக்குத் துணையாக இருக்கும். எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், நாட்டின் இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்றும், ஒப்பந்தம் போட்டுச் சுற்றாடல் மதிப்பீட்டைச் சுற்றிப் போகமுடியாது என்றும் தீர்ப்பளித்தது. வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், பொதுத் தேவைக்கென்று எடுத்த காணியைத் தனியார் கோல்ஃப் மைதானத்துக்குக் கைமாற்றியதை 2008 இல் அதே நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கி, முன்னாள் ஜனாதிபதிக்கு 30 இலட்சம் ரூபா நட்டஈடு விதித்தது. வில்பத்துக்கு வடக்கே கல்லாறு வனஒதுக்கில் இடம்பெயர்ந்த மக்களைக் குடியமர்த்தியதைப் பற்றி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் கொடுத்த தீர்ப்பும் கவனிக்கத்தக்கது. அழிந்த காட்டுக்குச் சமமான பரப்பில் வேறிடத்தில் மரம் நடவும், அதன் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்கவும் உத்தரவிட்டது. குடியமர்ந்தவர்களின் தேவை உண்மையானது. முறையான ஆய்வும் அனுமதியும் இல்லாத இடத்தைக் காட்டிய காரணத்தால் அந்த ஏழைகளின் வீடு வழக்குப் பொருளானது. ஆய்வு வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது தரவைக்காக மட்டுமல்ல. அந்த 25 ஏக்கரில் நாளை குடியேறப்போகிறவர்களுக்காகவும்தான்.

இனிச் செய்யவேண்டியவை. அரச காணியைக் கையளிக்கும் அதிகாரம் 1947 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி ஜனாதிபதியிடம் இருக்கிறது. பிரதேச செயலகம் செய்வது சிபாரிசு. அங்கிருந்து கோப்பு மேலே போகும். அது நகர்வதற்கு முன் பிரதேச காணிப் பயன்பாட்டுக் குழுவில் இந்த விடயத்தை எடுக்கும்படியும், மார்கழி அல்லது தை மாதத்தில் வந்து நேரில் பார்க்கும்படியும் எழுதுங்கள். எழுத்தில் இரண்டு கோரிக்கை போதும். ஒன்று, காணி மாற்றத்தையும் விடுதியையும் ஒரே கருத்திட்டமாக எடுத்து, கைமாற்றத்துக்கு முன் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் தீர்மானத்தைப் பெறுதல். இரண்டு, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்படி தரவையைக் கிராம மேய்ச்சல் நிலமாகக் குறித்தொதுக்குதல். கிராம விஸ்தரிப்பு, கிராமக் காடு, கிராம மேய்ச்சல் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லியே வகைப்படுத்துகிறது. பெரும்பாலான ஊர்கள் இதைக் கேட்பதேயில்லை. 'வேண்டாம்' என்ற மனுவைவிட 'எங்களுக்கு இந்தப் பாவனைக்கு ஒதுக்குங்கள்' என்ற மனுவுக்கு உத்தியோகத்தர் பதில் எழுதியே ஆகவேண்டியிருக்கும்.

அன்றே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுங்கள். நிறுவனத்தின் கடிதம், இரண்டு காணியின் வரைபடம், விலைமதிப்பு அறிக்கை, காணி உத்தியோகத்தரின் களக் குறிப்பு ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும்.

மதிப்பீடு செய்வது என்று முடிவானால் எந்த வகை என்று பாருங்கள். முழு மதிப்பீட்டு அறிக்கை என்றால் மூன்று மொழியிலும் விளம்பரம் வந்து, பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் கிடைக்கும். அதைவிடச் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்றால் அந்த 30 நாள் 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. ஆகவே முழு மதிப்பீட்டையே கேளுங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் சட்டப்படி செயலாளரிடம் மேன்முறையீடு செய்யும் வழி திட்டக்காரருக்குத்தான். ஊருக்கு, அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் எழுத்தாணை மனுவும் அடிப்படை உரிமை மனுவும்தான் வழி. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் காலம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

'ஆய்வு தேவையில்லை' என்று உங்களுக்குச் சொன்னது வாய்ப்பேச்சு. அதை எழுத்தில் தரும்படி பதிவுத் தபாலில் கேளுங்கள், பிரதியை மாகாண காணி ஆணையாளருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அனுப்புங்கள். அதோடு யாருடைய மாடு எத்தனை, எந்த மாதம் தரவையில் நிற்கிறது, யார் அத்தாங்கு போடுகிறார்கள், யார் பன் பறிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கி, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். வெள்ளம் நிற்கும்போது எடுத்த படங்கள் யாரிடமாவது இருந்தால் திகதியோடு சேர்த்து வையுங்கள். பிறகு சட்டத்தரணியிடம் போகவேண்டி வந்தால் அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கொப்பியைத்தான்.